ஏறுகிற விலையும் விழுகிற வேகமும்

"பணவீக்கம் குறைஞ்சிட்டுதாம் எண்டு ரேடியோவில சொல்லுறாங்கள். எங்க தம்பி குறைஞ்சது? வெங்காயத்தின்ர விலையை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

2023ஆம் ஆண்டில் மருதனார்மடம் சந்தைக்குப் பையோடு வந்த யாரும் இப்படிக் கேட்டிருக்கலாம். கேள்வி நியாயமானது. செய்தியும் பொய்யல்ல.

கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 வீதம், அடுத்த செப்டம்பரில் 1.3 வீதம். அதாவது, 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்கு வாங்கிய பொருட்களுக்கு ஒரு வருடத்தில் ஏறத்தாழ 170 ரூபாய் கொடுக்க வேண்டி வந்தது. அதற்கு அடுத்த வருடம் 172. விலை இறங்கவே இல்லை. அது ஏறுகிற வேகம்தான் விழுந்தது.

விலை வேறு, விலை மாறும் வீதம் வேறு. இவை இரண்டையும் பிரித்துக் காட்டுகிற கணிதம்தான் வகையிடல். உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கிற பிள்ளைகள் 'எக்ஸ் வர்க்கத்தின் பெறுதி இரண்டு எக்ஸ்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். புள்ளி எடுக்க அது போதும். பொருள் விளங்க அது போதாது.

யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியால் மருதனார்மடத்துக்கு வரும் பஸ், எட்டுக் கிலோமீற்றரை 24 நிமிடத்தில் ஓடினால் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீற்றர். ஆனால், அங்கே பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய மகளிர் கல்லூரியின் வாசலைக் கடக்கும் அந்தக் கணத்தில் அதன் வேகம் என்ன? கணத்தில் ஓடிய தூரம் பூச்சியம், எடுத்த நேரமும் பூச்சியம். பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே கடைசி ஒரு நிமிடத்தின் தூரத்தை நேரத்தால் வகுக்க வேண்டும். பிறகு கடைசி ஒரு செக்கன், பிறகு அதில் பத்தில் ஒன்று. நேரம் சுருங்கச் சுருங்க விடைகள் ஓர் எண்ணை நெருங்கி வரும். அந்த எல்லைதான் பெறுதி. சாரதிக்கு முன்னால் மீற்றர் முள் காட்டுவதும் அதைத்தான். 17ஆம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் வளர்த்த இந்த முறைக்கு உறுதியான அத்திவாரம் போடக் கணித உலகம் 1821இல் வந்த கணிதவியலாளர் கோஷியின் நூல் வரை காத்திருந்தது.

பெறுதிக்கும் பெறுதி உண்டு. இடம் மாறும் வீதம் வேகம், வேகம் மாறும் வீதம் ஆர்முடுகல். ஆர்முடுகல் மாறும் வீதத்தையும் கொண்ட சமன்பாடு ஒன்றை 1938இல் பௌதிகவியலாளர் டிராக் இலத்திரனுக்கு எழுதினார். அவரிடம் ஆய்வு செய்த ஈழத்துத் தமிழர் சி. ஜே. எலியேசர் 1943இல் அதிலிருந்து வியப்பான முடிவொன்றைக் காட்டினார்: ஐதரசன் கருவை நோக்கி நேர்கோட்டில் செல்லும் இலத்திரன், கரு ஈர்த்தாலும், அந்தச் சமன்பாட்டின்படி அதில் போய் முட்டாது. மூன்றாவது படியில் இருக்கும் ஒரு பெறுதி செய்கிற வேலை அது.

வகையிடலைத் தொடங்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சூத்திரம் எழுதுவதற்கு முன், கரும்பலகையில் 100, 170, 172 என்று மூன்று எண்களை எழுதுங்கள். எது குறைந்தது என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.