கொன்றையில் ஏறி, காட்டுப்பூவரசில் இறங்கி

பங்குனிக் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறுகிறவர்கள் ஜன்னலோர இடத்துக்கு முண்டியடிப்பார்கள். பூக்களைப் படமெடுக்க வருகிறவருக்கு முன் பெட்டிதான் வாகு. மலையேறும்போது நீராவி இன்ஜின் பின்னால் நின்று பெட்டிகளைத் தள்ளுகிறது. முன்னால் மறைப்பும் இல்லை, முகத்தில் அடிக்கும் புகையும் இல்லை.

கல்லாறு வரை பாக்குத் தோப்புகள், ஓரங்களில் சரக்கொன்றை. இலை உதிர்ந்த கிளையில் சரம்சரமாக மஞ்சள். காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் அது. வெயில் பூவுக்குப் பின்னால் இருக்கும்படி எடுத்தால் ஒவ்வோர் இதழும் விளக்கேற்றியதுபோல் தெரியும். இது நம் மண்ணின் மரம். இனி வரும் பூக்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

கல்லாறில் பல்சக்கரம் பல் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள, பன்னிரண்டடிக்கு ஓரடி ஏற்றம் தொடங்குகிறது. மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டர்தான் வேகம். ஆனாலும் வண்டி உதறும், பக்கத்துப் புதர் கலங்கும். ஷட்டரை ஆயிரத்தில் ஒரு வினாடிக்கு வைத்துக்கொண்டு தூரத்து மரங்களைப் பிடிப்பதே புத்தி.

அருகே போக வாய்ப்பு, இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும் இடங்களில் கிடைக்கும். ஹில்குரோவில் இறங்கினால் குரங்குகள் தின்பண்டப் பையைக் குறிவைக்கும்; கேமரா பையையும் கையோடு வைத்திருங்கள். அங்கே குனிந்து பார்க்க வேண்டியது உண்ணிச்செடி. பொத்தான் அளவுக் கொத்து. நடுவில் புதிதாக விரிந்த மஞ்சள், ஓரத்தில் வயதான இளஞ்சிவப்பு. மஞ்சளில்தான் தேன் அதிகம். வண்ணத்துப்பூச்சியும் மஞ்சளைத்தான் தேடி உட்காரும். ஆகவே பூச்சியைத் துரத்தாமல் மஞ்சள் மேல் போகஸ் வைத்துக் காத்திருக்கலாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாக வந்தது, இன்று காட்டின் அடித்தளத்தையே மூடிக்கொண்டிருக்கிறது. படத்தில் அழகாகத்தான் விழுகிறது, என்ன செய்ய!

ரன்னிமேடு தாண்டிக் குன்னூரை நெருங்கினால் மலைச்சாலை ஓரம் ஊதாவாக ஜகரண்டா. அதுவும் தென்னமெரிக்கக்காரி. மேகம் மூடியிருந்தால் இன்னும் நல்லது. சுள்ளென்ற வெயிலில் அந்த ஊதா வெளுத்துப்போகும்.

ரயில் 1899இல் குன்னூரையும் 1908இல் ஊட்டியையும் எட்டியது. அதற்கு முன்பே தேயிலை, கற்பூர மரம், சீகை என்று வெளியூர்ச் செடிகள் மலையேறிவிட்டன. வெல்லிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் வரை கண்ணில் படுவது பெரும்பாலும் அவையும் காய்கறித் தோட்டங்களும்தான். இந்தப் பகுதியில் கேமராவை மடியில் வைத்துவிட்டு டீ குடிக்கலாம்.

46 கிலோமீட்டர் முடிந்து ஊட்டியில் இறங்கியதும் பலரும் தாவரவியல் பூங்காவுக்குப் போவார்கள். நான் தொட்டபெட்டாவுக்குத்தான் பஸ் ஏறச் சொல்வேன். மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிகளுக்கே உரிய காட்டுப்பூவரசு அங்கே இருக்கிறது. முறுக்கிய கருந்தண்டு, தோல்போன்ற இலை, நுனியில் ரத்தச் சிவப்புக் கொத்து. இந்தச் சிவப்பு கேமராவை ஏமாற்றும். தானியங்கியில் விட்டால் இதழின் மடிப்பெல்லாம் அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் குறைத்து வையுங்கள். மதியத்துக்கு மேல் பனிமூட்டம் ஏறிவிடலாம், அதற்குள் எடுத்தாக வேண்டும்.