இளைப்பில்லாத நாளில்

எங்கள் அன்னைக்கு இருபத்தைந்து ஆண்டுகளாக ஆஸ்துமா. மார்கழிப் பனி இறங்கும் இரவுகளில் இழுப்பு முற்றும். ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடுவோம். நெபுலைசர் வைத்து, ஊசி போட்டு, விடியற்காலையில் வீடு திரும்புவோம். அடுத்த இழுப்பு வரும்வரை மருத்துவரின் நினைவே எங்களுக்கு எழுவதில்லை. நலமாக இருப்பவரை எதற்காக அழைத்துச் செல்வது?

2023 செப்டம்பரில் எங்கள் தெருமுனைக் குடும்ப மருத்துவர் அதைத்தான் செய்யச் சொன்னார். "இளைப்பு இல்லாத ஒரு நாளில் அம்மாவைக் கூட்டி வாருங்கள்" என்றார். அரைமனதோடு சென்றோம்.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

அவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கடந்த நான்கு வாரங்களில் பகலில் வாரம் இருமுறைக்கு மேல் இளைத்ததா, இரவில் இருமலோ இளைப்போ எழுப்பியதா, நீல நிற இன்ஹேலர் வாரம் இருமுறைக்கு மேல் தேவைப்பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். "எப்பவாவது லேசா" என்று அன்னை நழுவினார். இளைப்பினால் எந்த வேலையையாவது விட்டுவிட்டீர்களா என்பது நான்காவது கேள்வி. "அதெல்லாம் இல்லை" என்றார். மாடிப்படி ஏற முடிகிறதா என்று மருத்துவர் தொடர்ந்தபோது, "மாடியில் எனக்கென்ன வேலை?" என்றார்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கோடைதோறும் மொட்டைமாடியில் வடகம் காயவைத்தவர் அவர். மூன்றாண்டுகளாக அது நின்றுபோயிருந்தது. வயதாகிவிட்டது என்று இருந்துவிட்டோம். தொண்டை கெட்டுவிட்டதென்று சொல்லிப் பாடகர் குழுவிலிருந்து விலகியபோதும் எவரும் காரணம் கேட்கவில்லை. கோயிலில் கதவோரக் கடைசிப் பெஞ்சில் அமர்ந்தாரே, அதைத் தாழ்ச்சி என்று எண்ணி உள்ளூரப் பெருமைப்பட்டதும் உண்டு! மூச்சின் அளவுக்கு வாழ்க்கையைச் சுருக்கிக்கொண்டு, அதற்குள் அவர் நலமாக இருந்திருக்கிறார்.

அடுத்து மருத்துவர், நீல இன்ஹேலரைக் கடைசியாக எப்போது வாங்கினீர்கள் என்றார். ஒன்றில் 200 முறை மருந்து வரும். ஆண்டுக்கு மூன்று தீர்ந்தாலே அபாயம் கூடுகிறதாம். எங்கள் வீட்டில் மாதம் ஒன்று தீர்ந்துகொண்டிருந்தது. மருந்துக்கடைக்குச் சென்று வாங்கி வந்தவர்கள் நாங்களேதான். நீல மருந்து மூச்சுக்குழாயின் தசையைத் தளர்த்தி அப்போதைக்கு வழிவிடுகிறது. உள்ளே இருக்கும் வீக்கம் அப்படியே தங்கிவிடுகிறது. அதைத் தணிப்பது உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு. 'ஜினா' என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பு 2019ஆம் ஆண்டே, பெரியவர்களுக்கு நீல இன்ஹேலரை மட்டும் தனியே கொடுத்து நிறுத்திக்கொள்ளும் முறையைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஸ்டீராய்டு இன்ஹேலர் எங்கள் வீட்டிலும் இருந்தது, அலமாரியில், உறை பிரிக்காமல்! உடனே பலன் தெரியாத மருந்து. போதாததற்கு, ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்ற பக்கத்து வீட்டாரின் அறிவுரை. இதில் அளவு மைக்ரோகிராம் கணக்கில்தான் என்று மருத்துவர் விளக்கினார்.

"எப்படி இழுப்பீங்க, காட்டுங்கம்மா."

அன்னை அழுத்தினார்; பிறகு மூச்சிழுத்தார். மருந்தில் பெரும்பகுதி நாக்கிலேயே படிந்தது. இத்தனை ஆண்டுகளில் அவர் இழுப்பதை நாங்கள் நின்று கவனித்ததே இல்லை. மருத்துவர் ஸ்பேசர் என்னும் பிளாஸ்டிக் குடுவையைப் பொருத்தி, குலுக்குவது, மூச்சை முழுதும் வெளிவிடுவது, அழுத்தி மெதுவாக இழுப்பது, பத்து விநாடி அடக்குவது, ஸ்டீராய்டுக்குப் பின் வாய் கொப்பளித்துத் துப்புவது என எல்லாவற்றையும் பொறுமையாகக் கற்றுத்தந்தார். பீக் ஃப்ளோ மீட்டரில் மூன்று முறை ஊதச் சொல்லி, மிகுந்த அளவைக் குறித்துக்கொண்டார்: 190. டிசம்பரில் மீண்டும் சென்றபோது அது 250 ஆகியிருந்தது. அந்த மார்கழியில் ஓர் இரவுகூட நாங்கள் ஆட்டோ தேடவில்லை.

2024 சித்திரையில் ஒருநாள் மாலை வீடு திரும்பினால், மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து வடகம் பிழிந்திருந்தது. யாரைக் கேட்டு ஏறினீர்கள் என்று கடிந்துகொண்டோம். "டாக்டர்தானே கேட்டார், ஏற முடியுதான்னு" என்றார்.

பாடகர் குழுவிலும் மீண்டும் சேர்ந்துவிட்டார். பாடாத நாள்களில் மட்டும் அந்தக் கடைசிப் பெஞ்சை அவர் விடுவதில்லை. சாம்பிராணிப் புகைக்கும் அவருக்கும் இன்னும் சமாதானம் ஏற்படவில்லை.