நாமக்கல்லா, சேலமா? ஆலத்தூர் நாட்டு வீடுகளில் ஒரு பட்டிமன்றம்

மே மாதம் பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் போதும். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டில் பலாப்பழ வாசனையோடு ஒரு கேள்வியும் வீட்டுக்கு வீடு சுற்ற ஆரம்பித்துவிடும். 'பையனை எங்கே விடுறது? நாமக்கல்லா, சேலமா?' பெண் பிள்ளையாக இருந்தால் கேள்வி கொஞ்சம் நீளும். 'கூட யாரு போய் இருக்கிறது?'

'நாடு' என்றதும் தனி நாடு என்று நினைத்துவிட வேண்டாம். கொல்லிமலையில் சில சிற்றூர்கள் சேர்ந்த பகுதிக்குத்தான் நாடு என்று பெயர். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு, அரியூர் நாடு என்று மலை முழுக்க நாடுகள்தான். இன்றைய ஊராட்சிகளுக்கும் அதே பெயர்கள். சுமார் 280 சதுர கிலோமீட்டர் மலையில் ஏறக்குறைய 40,000 பேர். பெரும்பாலானவர்கள் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்து மலையாளி அல்ல. தமிழ் பேசும் மலைக்காரர்கள். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை.

எந்த ஊரில் குடியிருப்பது என்ற விவாதம் உலகம் முழுக்க உண்டு. அமெரிக்காவில் வேலை கிடைத்த நம்மூர்ப் பிள்ளைகள் 'சிகாகோவா, ஹூஸ்டனா?' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். சிகாகோவில் கார் இல்லாமலே ரயிலில் வேலைக்குப் போய்வரலாம். ஆனால் ஜனவரியில் குளிர் உறைநிலைக்குக் கீழே போய்விடும். ஹூஸ்டனில் பனித் தொல்லை அபூர்வம், டெக்சாஸ் மாநிலத்துக்கு வருமான வரியும் கிடையாது. ஆனால் கார் இல்லாவிட்டால் கை கால் இல்லாத மாதிரி, போதாததற்கு புயல் பயம் வேறு. சம்பளம், வாடகை, பள்ளிக்கூடம், வெயில் என்று ஒரு தாளில் கோடு போட்டு எழுதினால் ஏதோ ஒரு விடை வந்துவிடும்.

ஆலத்தூர் நாட்டுக் கணக்கு அந்தத் தாளில் அடங்காது. காரணம், இங்கே ஒப்பிடப்படுவது இரண்டு ஊர்கள் அல்ல, மூன்று. மூன்றாவது ஊர், விட்டுப் போகும் இந்த மலை.

காரவள்ளியில் பிரியும் பாதை

மலையிலிருந்து இறங்கும் பிரதான சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். (முள்ளுக்குறிச்சி பக்கமாக இன்னொரு பாதையும் உண்டு.) சுற்றுலா வருபவர்களுக்கு அது செல்ஃபி எடுக்கும் சாலை. எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். மலைக்காரர்களுக்கோ அது பிரசவ வலியோடு இறங்கிய சாலை, பள்ளிச் சான்றிதழை பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இறங்கிய சாலை.

கடைசி வளைவு முடிந்ததும் அடிவாரத்தில் காரவள்ளி. அதைத் தாண்டியதும் பாதை இரண்டு திசைக்குப் போகும். காளப்பநாயக்கன்பட்டி, சேந்தமங்கலம் வழியாகப் போனால் நாமக்கல். பேளுக்குறிச்சி, ராசிபுரம் வழியாகப் போனால் சேலம். நாமக்கல் கிட்டத்தில் இருக்கிறது. சேலம் ஏறக்குறைய இன்னொரு மடங்கு தூரம். இந்த வித்தியாசத்தை கிலோமீட்டரில் யாரும் சொல்வதில்லை. 'காலையில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் திரும்பிடலாமா?' அவ்வளவுதான் அளவு.

நாமக்கல்: கையெழுத்துக்குப் போகும் ஊர்

1997 ஜனவரி 1 வரை கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சேலம்தான். அன்றைக்கு நாமக்கல் தனி மாவட்டமானது. மலையில் இன்றும் வயதானவர்கள் வாயில் 'சேலம் ஜில்லா' என்றுதான் வரும். ஆனால் வேலை நடப்பது நாமக்கல்லில். கலெக்டர் ஆபீஸ், கோர்ட், பழங்குடியினர் சாதிச் சான்றில் கையெழுத்திட வேண்டிய ஆர்.டி.ஓ. என எல்லாமே அங்கே. படிப்போ வேலையோ எதற்கானாலும் அந்தச் சான்று இல்லாமல் ஓர் அடி நகர முடியாது. அதனால் குடியிருக்கப் போகாதவர்களுக்கும் நாமக்கல் நன்றாகத் தெரிந்த ஊர்.

ஒரே ஒரு பாறை. அதைச் சுற்றி ஒரு நகரம். பாறையின் மேல் கோட்டை, பாறையைக் குடைந்து நரசிம்மருக்கும் ரங்கநாதருக்கும் கோயில்கள். எதிரே மேற்கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். இதெல்லாம் நாமக்கல்லின் ஒரு முகம். இன்னொரு முகத்துக்கு டீசல் வாசனை. எஞ்சினும் சேஸுமாக வரும் வண்டிக்கு இங்கே பாடி கட்டுகிறார்கள். தச்சர், வெல்டர், டிங்கர், பெயின்டர் என ஒரு லாரி ரோட்டுக்குப் போவதற்குள் எத்தனையோ கைகள் படுகின்றன. ஐ.டி.ஐ. முடித்த மலைப் பையன் பட்டறையில் சேர்ந்து நாலு வருடத்தில் தொழில்காரனாகிவிடலாம். கேஸ் டேங்கர், லோடு லாரி என்று கிளீனராக ஏறியவர்கள் பிறகு டிரைவராகி மாதக்கணக்கில் வடக்கே போய்விடுகிறார்கள். குடும்பம் ஒரு திசை, ஸ்டீயரிங் ஒரு திசை.

பிறகு கோழிப்பண்ணை. தினமும் சில கோடி முட்டைகள் புறப்படும் ஊர் இது. பண்ணைகளில் புருஷனும் பெண்டாட்டியுமாக வேலைக்கு எடுத்து, உள்ளேயே ஒரு வீடும் கொடுப்பதுண்டு. வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பண்ணை ஊருக்கு வெளியே இருக்கும். பிள்ளை பள்ளிக்கு எப்படிப் போகும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈயையும் வாடையையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். காட்டுக் காற்றில் வளர்ந்தவர்களுக்கு முதல் ஒரு மாதம் சோறு இறங்காது.

படிப்பு என்றால் நாமக்கல்லும் ராசிபுரமும் ஒரு காலத்தில் தமிழ்நாட்டையே இழுத்தன. மாநில ரேங்க் பட்டியல் வந்துகொண்டிருந்த வரை, அதாவது 2017-க்கு முன்பு, தென்கோடியிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் கொண்டுவந்து இங்குள்ள விடுதிப் பள்ளிகளில் சேர்த்தார்கள். மலைமேல் இருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில்தான் அந்தப் பள்ளிகள். அவற்றின் கட்டணமோ கொல்லிமலையைவிட உயரம். மலைப் பிள்ளைகளுக்குக் கைகொடுத்தவை அரசுப் பள்ளிகளும் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளும்தான். இதைச் சொல்லாமல் நாமக்கல்லைக் கல்வி நகரம் என்று புகழ்ந்துகொண்டிருப்பது நியாயமில்லை. 2022-ல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் வந்தபிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு 'சேலம் கொண்டு போங்க' என்று எழுதிக் கொடுக்கப்பட்ட பல கேஸ்களை இப்போது நாமக்கல்லிலேயே பார்க்கிறார்கள்.

2024-ல் மாநகராட்சியாகிவிட்டாலும் நாமக்கல்லின் குணம் இன்னும் பெரிய கிராமம்தான். பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் நின்றால் மலையிலிருந்து வந்த யாரோ ஒருவர் கண்ணில் படுவார். வீட்டுக்கு ஒரு சேதி சொல்லியனுப்பலாம், ஒரு பை மிளகு வாங்கிக்கொள்ளலாம். போன் வந்தபிறகும் இந்தப் பழக்கம் போகவில்லை.

சேலம்: தூங்காத பஸ் ஸ்டாண்ட்

சேலம் வேறு மாதிரி. பெரிய ரயில்வே ஜங்ஷன், 2007 முதல் தனி ரயில்வே கோட்டம். சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூருக்கும் இங்கிருந்து கிளம்பலாம். புது பஸ் ஸ்டாண்டில் நடுராத்திரி இரண்டு மணிக்கும் டீ கிடைக்கும். அரசு இன்ஜினீயரிங் கல்லூரி, மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி, பெரியார் பல்கலைக்கழகம் என்று படிப்புக்கான கதவுகள் அதிகம். உருக்காலை இருக்கிறது. வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள், செவ்வாய்ப்பேட்டை மண்டிகள், ஜவுளிக் கடைகள், தனியார் ஆஸ்பத்திரிகள் என்று ஏதாவது ஒரு வேலை எப்போதும் கிடைத்துக்கொண்டிருக்கும். நர்சிங் படித்த பெண்ணுக்கு நாமக்கல்லில் ஒரு வாய்ப்பு என்றால் சேலத்தில் நாலு.

சாயங்காலம் தட்டுவடை செட் சாப்பிடலாம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், காரச் சட்னி. கல்லூரி விடுதியில் தங்கிய மலைப் பிள்ளைகள் ஊருக்குத் திரும்பியதும் முதலில் ஏங்குவது இதற்குத்தான்.

ஆனால் சேலத்தில் யாரும் யாரையும் 'எந்த நாடு?' என்று கேட்பதில்லை. சிலருக்கு அதுவே நிம்மதி. எங்கிருந்து வந்தாய், யார் பிள்ளை என்ற விசாரணை இல்லாமல் ஓர் இளம்பெண் தன் சம்பளத்தில் தன் ரூமில் இருக்க முடிகிறதென்றால் அது சின்ன விஷயமில்லை. சிலருக்கு அதுவே பயம். காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் வேண்டுமே!

வெயிலைப் பொறுத்தவரை இரண்டு ஊரும் சமம். ஏப்ரலில் தகர ஷீட் போட்ட வாடகை வீட்டில் முதல் இரவு, மலையில் வருடம் முழுக்கப் போர்வையோடு தூங்கிப் பழகிய பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். அதைவிடப் பெரிய அதிர்ச்சி காசு. மேலே விறகு காட்டிலிருந்து வரும், தண்ணீர் ஊற்றிலிருந்து, கீரை வேலியோரத்திலிருந்து. கீழே கறிவேப்பிலைக்கும் காசு. சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் மலைப் பெண்கள், அதில் தண்ணீருக்கும் கேஸுக்கும் எவ்வளவு போகும் என்று அடுத்து கேட்பது அனுபவத்தில் வந்த கேள்வி. இதனாலேயே சிலர் இரண்டு ஊரையும் விட்டுவிட்டு, நடுவழியில் நெய்க்குப் பேர்போன ராசிபுரத்தில் குடியேறிவிடுகிறார்கள். புத்திசாலிகள் என்றுதான் சொல்ல வேண்டும்.

மரவள்ளி சொல்லும் கதை

மலைக்காரர்கள் சேலத்துக்கு இறங்குவதற்கு முன்பே சேலம் மலை ஏறிவிட்டது என்று சொல்லலாம். ஜவ்வரிசி ஆலைகளின் வழியாக. சாமை, தினை, கேழ்வரகு விளைந்த காடுகளில் மரவள்ளி வந்தது. லாரியில் ஏற்றினால் கையில் ரொக்கம். 1981-ல் சேலத்தில் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு ஜவ்வரிசி, ஸ்டார்ச் வியாபாரத்தின் மையமாக இருக்கிறது. அங்கே விலை இறங்கினால் இங்கே மலையில் ஒரு கல்யாணம் தள்ளிப்போகும்.

குடும்பம் இறங்குவதற்கும் இந்தப் பயிருக்கும் நேரடித் தொடர்பு உண்டு. சாமையை விதைத்துவிட்டு நாமக்கல்லில் போய் உட்கார முடியாது. களை எடுக்க வேண்டும், கதிர் பிடித்தால் குருவி ஓட்ட வேண்டும், அறுத்து அடித்து உமி நீக்க வேண்டும். கடைசி வேலை பெண்களின் முதுகை ஒடித்துவிடும். மரவள்ளி அப்படியில்லை, நட்டுக் களை எடுத்துவிட்டால் பத்து மாதம் மண்ணுக்குள் தானாகக் கிடக்கும். சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி இன்னும் சௌகரியம். பறிப்புக்கு வந்தால் போதும். ஆள் குறையக் குறைய, ஆள் தேவைப்படாத பயிர்தான் காட்டில் நிற்கும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இந்த மலையில் சிறுதானிய விதைகளைக் காப்பாற்றவும், உமி நீக்கும் இயந்திரங்களைக் கொண்டுவரவும் வேலை செய்திருக்கிறது. இயந்திரம் வந்தால் முதுகு வலி குறையும். குருவி ஓட்ட மட்டும் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் யார் எங்கே போவது? குடும்பமாகப் போவதென்றால் நாமக்கல் மேல். பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே மலை ஏறிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போய்க் காட்டைப் பார்த்துவிட்டு திங்கட்கிழமை வேலைக்கு வரலாம். காடும் கைவிட்டுப் போகாது. தனியாகப் போகும் பிள்ளைக்கு, அதுவும் படிப்பில் சூட்டிகையாக இருந்தால், சேலம்தான். நாமக்கல்லில் நிறுத்திவைத்தால் வாராவாரம் வீட்டு வேலை கூப்பிடும். மிளகுப் பறிப்புக்கு லீவு போடச் சொல்வார்கள். கொஞ்சம் தூரம் இருப்பது அந்தப் பிள்ளைக்கு நல்லது. கேட்கக் கடுமையாக இருந்தாலும் பல வீடுகளில் அனுபவம் இதுதான். முதல் பிள்ளையை நாமக்கல்லிலும் இரண்டாவதை சேலத்திலும் விட்டவர்கள் அதிகம்.

தெரியும் மலையும் தெரியாத மலையும்

சேலத்தைச் சுற்றிலும் மலைகள். சேர்வராயன் மலை, கஞ்சமலை, நகரமலை, ஜருகுமலை. எந்தத் தெருவில் நின்றாலும் ஏதாவது ஒரு மலை தெரியும். அதில் எதுவும் கொல்லிமலை இல்லை. நாமக்கல்லில் வேலை முடிந்த சாயங்காலம் கோட்டைப் பாறையின் மேல் ஏறினால், வானம் தெளிவாக இருக்கும் நாளில், வடகிழக்கே நீலமாக ஒரு சுவர் நிற்கும். மலைக்காரர்களுக்கு அதைக் காட்டிக்கொடுக்கத் தேவையில்லை. எந்த மடிப்புக்குப் பின்னால் யார் வீடு என்று சரியாகவே சொல்லிவிடுவார்கள்.

ஆடி 18-க்கு செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. அந்த வாரம் நாமக்கல் பஸ்ஸிலும் சேலம் பஸ்ஸிலும் நிற்க இடம் இருக்காது. முதுகுப் பையோடு கல்லூரிப் பிள்ளைகள், கிரீஸ் கறை போகாத விரல்களோடு பட்டறைப் பையன்கள், கைக்குழந்தையோடு பண்ணை வேலைக்காரப் பெண்கள். முதல் வளைவில் ஜன்னலைத் திறப்பார்கள். பாதி மலை ஏறியதும் காற்று மாறும். யாராவது ஒருவர் பையைத் துழாவி ஸ்வெட்டரை எடுப்பார். ஏறிய பஸ் அரப்பளீஸ்வரர் கோயில் போகிறதா, செம்மேட்டோடு நிற்கிறதா என்பதில் கண்டக்டரோடு ஒரு சண்டையும் நிச்சயம் உண்டு.