அத்தாவின் நாற்காலி



சென்ற ரமலானுக்கு முன்பு, சம்பா அறுவடை முடிந்திருந்த நாட்களில், ஒரத்தநாட்டில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு சோடி டவர் ஸ்பீக்கர்கள் வந்தன. சவூதியிலிருந்து தம்பி கார்கோவில் அனுப்பியவை. முழங்கால் வலியால் அத்தாவுக்குத் தராவீஹ் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்ல இயலவில்லை. மக்காவின் தராவீஹை டிவியில் பார்ப்பதே அவருக்கு ஆறுதல். ஆனால் செவியும் மந்தமாகிவிட்டது. அந்த ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கும் பொறுப்பு என்னுடையதாயிற்று.

வாட் கூடினால் அத்தாவுக்கு நன்றாகக் கேட்கும் என்றே எண்ணினேன். திருமண வீடுகளுக்கு மைக் செட் கட்டும் உறவினரிடம் பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றை இரவல் வாங்கி, ஓர் இரவு சோதித்துப் பார்த்தேன். சன்னல் அதிர்ந்தது. அத்தா கையை உயர்த்தி, "சத்தம் வருதுப்பா, ஆனா ஸீனும் ஸாதும் ஒண்ணாத்தான் கேக்குது" என்றார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு அம்மா குறை ஏதும் சொல்லவில்லை. "பாப்பாவுக்குப் பிளஸ் டூ பரீட்சை வருது தம்பி" என்று மட்டும் சொன்னார். வெட்கிப்போனேன். அண்டை வீட்டார் உரிமை பற்றி எத்தனை ஜும்ஆ பயான் கேட்டிருப்பேன்!

அதன் பிறகே கணக்குப் பார்த்தேன். எங்கள் ஸ்பீக்கரின் திறன் 88 டெசிபெல். அதாவது ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் அவ்வளவு ஒலி எழும். சாதாரணப் பேச்சு ஏறத்தாழ 60 டெசிபெல்தான். 50 வாட்டை 100 ஆக்கினாலும் கூடுவது வெறும் 3 டெசிபெல். முதுமையில் முதலில் குறைவது மெல்லிய உயர் ஒலிகளைக் கேட்கும் திறன்; எழுத்துகளைப் பிரித்துக் காட்டுபவை அவையே. ஆகவே அத்தாவுக்குத் தேவைப்பட்டது உரப்பு அன்று, தெளிவு.

தஞ்சாவூர்க் கடையில் பெட்டி மேல் அச்சிட்ட ஆயிரக்கணக்கான 'பி.எம்.பி.ஓ.' வாட்டைப் புறக்கணித்து, ஆர்.எம்.எஸ். அளவை மட்டும் கேட்டேன். பக்கத்துக்கு 50 வாட், 4 ஓம் வரை தாங்கும் திறன், டிரெபிள் திருகு, டிவியை இணைக்க எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. ஆகியவை உள்ள ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினோம். டிவியின் ஒலி அமைப்பை பி.சி.எம். என மாற்றினேன்; இல்லையேல் சில நிகழ்ச்சிகளில் ஒலியே வராது.

செலவில்லாத மாற்றங்கள் இன்னும் பெரிய பலன் தந்தன. மூலையில் ஒட்டி நின்ற ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே நகர்த்தியதும், பேச்சை மூடியிருந்த முழக்கம் அடங்கிற்று. பன்னிரண்டடி தள்ளியிருந்த அத்தாவின் நாற்காலியை ஆறடிக்குக் கொண்டுவந்தோம். தொலைவு பாதியானால் திறந்தவெளியில் 6 டெசிபெல் கூடும். அறைக்குள் சற்றுக் குறைவு.

மக்காவில் தராவீஹ் தொடங்கும்போது நமக்கு இரவு பதினொரு மணி ஆகிவிடும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு பத்து முதல் காலை ஆறு வரை வகுத்த எல்லை 45 டெசிபெல். சட்டத்துக்கு முன்பே நமக்கு அறிவுரை உண்டு. குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் ஹக்கீம் தம் மகனுக்குச் சொன்னதைக் குர்ஆன் 31:19இல் நாம் ஓதி வருகிறோம். வீட்டுக் கருவியின் குரலும் நம் குரல்தானே?

ரமலான் முதல் இரவில் ஒலியை மிகவும் குறைத்தே வைத்தேன். சிறிது நேரம் கண்மூடிக் கேட்ட அத்தா, "ஸாத் நல்லா வெளங்குதுப்பா" என்றார். வெளித் திண்ணைக்குச் சென்று நின்று பார்த்தேன். அங்கே ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் அந்தப் பிள்ளை படிக்கும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.