மேலிருந்து பார்த்த பவளம்

பவளம் என்னும் சொல்லைக் கேட்டதும் தமிழ் மாணவர்க்கு நினைவில் எழுவது செவ்விதழும் செவ்வானமுமே. பண்டைப் புலவர் துகிர் என்றும் வழங்கிய அது அணிகலனில் கோக்கும் செம்மணி; மத்தியதரைக் கடலிலிருந்து வணிகர் கொணர்ந்த பொருள். பாறையாய் வளர்ந்து மீன்களுக்கு மனையாகும் பவளமோ அதற்கு உறவினமேயன்றி அதுவன்று. இவ்வேறுபாட்டை நான் நூலில் கற்கவில்லை. சிங்கப்பூரில் வாழும் என் தங்கையின் வீட்டுக் கூடத்தில், ஒரு கண்ணாடித் தொட்டியருகே கற்றேன்.

தொட்டி என் மருமகனுடையது. தூய்மை செய்த நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புக் கலந்து, வெப்பம் 26 பாகையைத் தாண்டாமல் காத்து, அதில் பவளம் வளர்க்கிறான். (நம் நாட்டில் எவரும் இதற்கு முயல வேண்டா. பாறைப்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன.) பவளம் கிளைவிட்டு மரம்போல் நிற்கும், ஆனால் விலங்கு. உயிர்களை அறிவின் அளவால் வகுத்த தொல்காப்பியர் இதனை மரத்தோடு வைத்திருப்பாரா, நத்தையோடு வைத்திருப்பாரா என்று நான் நெடுநேரம் எண்ணியதுண்டு.

தொட்டியின் முன்புறக் கண்ணாடி வழியே நோக்கினால் பழுப்புநிறத் தண்டுகளே மிகுதியும் தெரிந்தன. “மாமா, பக்கத்தில் நின்று பார்த்தால் அதன் முதுகுதான் தெரியும். அது வெளிச்சத்துக்குக் காட்டுகிற முகம் மேலே இருக்கிறது” என்றான். பின்னர் நாற்காலியில் ஏறி நின்று படம் எடுக்கும் முறையைக் காட்டினான்.

முதலில் நீரோட்டம் தரும் மோட்டார்களை நிறுத்த வேண்டும். சிற்றலை ஒன்று இருந்தாலும் உருவம் நடுங்கும். ஆயினும் நீர் நெடுநேரம் தேங்கினால் உயிர்களுக்கு மூச்சுக் குறையும். ஆகவே சில நிமிடங்களில் வேலை முடிய வேண்டும். ஒளிப்படக் கருவி நீர்ப்பரப்புக்கு நேர் செங்குத்தாய் நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒளி விலகிப் பவளத்தின் விளிம்பில் நிறக்கரை படியும். அடியில் கண்ணாடி பொருத்திய குழல் ஒன்றை நீரில் சற்றே அமிழ்த்தி, ஒட்டிய குமிழிகளைச் சாய்த்து வெளியேற்றி, அதனூடே எடுப்பது இன்னும் நன்று. விளக்கின் நீலம் மிகுதியாதலால் வில்லையின் முன் மஞ்சள்நிற வடிகட்டி ஒன்றும் வைத்தான். எட்டிப் பார்த்தேன். பழுப்பாய்த் தெரிந்த அதே கொத்து பச்சையும் செம்மஞ்சளுமாய் ஒளிர்ந்தது! பழுப்பு நிறம் அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகளுடையது; ஒளிர்வதோ, நீல ஒளியை உண்டு வேறு நிறமாய் உமிழும் புரதம்.

வடிகட்டி வைத்து எடுத்த படம் மெய்யாகுமா என்று கேட்டேன். கருவிக்கு மட்டும் மிகையாய்த் தோன்றும் நீலத்தைத்தான் அது நீக்குகிறது என்றான் அவன். விற்பனைக்காக நிறத்தை ஏற்றிக்காட்டும் படங்களும் உலவுகின்றன என்பதை அவனே ஒப்புக்கொண்டான். என் அளவில், வாங்குவோனை ஏமாற்றாதவரை வடிகட்டியில் குற்றமில்லை; மூக்குக்கண்ணாடி அணிந்து படிக்கும் எனக்கு அதைக் குறைகூறும் உரிமையும் இல்லை.

ஆனால் அவன் படமெடுப்பது அழகுக்காக மட்டுமன்று. திங்கள்தோறும் ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே ஒளியில் எடுத்து வரிசையாய் வைத்திருந்தான். முந்திய ஆண்டு புதிய விளக்கொன்றைப் பொருத்தியிருக்கிறான். முன்னின்று பார்த்தவர்க்கு மாற்றம் ஏதும் தெரியவில்லை. இரு திங்களின் படங்களை அருகருகே வைத்தபோது கிளைகளின் மேற்புறம் மட்டும் வெளிறியிருந்தது. ஒளியோ வெப்பமோ எல்லை மீறினால் பவளம் தன் நுண்பாசிகளை இழக்கும்; வெளிறிய பின்னும் சிலகாலம் உயிரோடிருக்கும், ஆனால் பட்டினி கிடக்கும். விளக்கைத் தணித்தான். பெரும்பாலானவை நிறம் மீண்டன. ஒரு கொத்து மீளவில்லை. வெள்ளெலும்பாய் நின்ற அதனை அவன் எடுத்தெறியவும் இல்லை. “இதற்காக இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, காக்கா” என்று தங்கை என்னிடம் முறையிட்டாள்.

கடலடியில் பவளத்தின் நலம் அளப்போரும் இவ்வாறே செய்கின்றனர். சதுரச் சட்டமொன்றைப் பாறைமேல் கிடத்தி, நேர்மேலிருந்து படமெடுத்து, மீண்டும் மீண்டும் அவ்விடத்துக்கே வந்து ஒப்பிடுகின்றனர். 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட நம் மன்னார் வளைகுடாவில் 2010-இலும் 2016-இலும் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. அங்கே தணிப்பதற்கு விளக்கு இல்லை.

இராமநாதபுரக் கடற்கரையில் பவளக்கல்லை வெட்டிச் சுவர் எழுப்பியதும், சுட்டுச் சுண்ணாம்பாக்கியதும் நம் முன்னோர்க்குக் குற்றமாய்த் தோன்றவில்லை. அருகில் கிடைத்த கல் அதுவே. எங்கள் பாட்டனாரின் வீட்டுப் பின்சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் விண்மீன் வடிவக் குழிகள் தெரியும். சிறுவயதில் ஈர்க்குச்சியால் அவற்றைக் குடைந்திருக்கிறோம். ஒவ்வொரு குழியும் ஓர் உயிர் இருந்த மனை என்று எவரும் சொன்னதில்லை. ஊர் திரும்பியபின் இதை மருமகனிடம் தொலைபேசியில் கூறினேன். “படம் எடுத்து அனுப்புங்கள் மாமா, சாய்வாக வேண்டாம்” என்றான். சுவருக்கு நேர்நின்று எடுத்து அனுப்பினேன். தேனடை போன்ற கண்களையுடைய இனம் அது என்றும், அதன் உறவினம் ஒன்று தன் தொட்டியின் இடமூலையில் வளர்கிறது என்றும் எழுதி, அதன் படத்தையும் உடன் அனுப்பியிருந்தான்.