‘பிடிக்கவில்லை’ என்பதன் பொருள்

தமிழில் ‘பிரேக்’ என்னும் சொல் பெரும்பாலும் மூன்று வினைகளோடு வருகிறது: போடு, அடி, பிடி. முதலிரண்டுக்கும் ஓட்டுநரே எழுவாய். மூன்றாவதற்கு ஓட்டுநரும் எழுவாயாகலாம், பிரேக்கும் ஆகலாம். ‘பிரேக் பிடிக்கவில்லை’ என்னும் தொடரில் தவறு மனிதனுடையதா, எந்திரத்தினுடையதா என்பது மயங்கி நிற்கிறது. வகுப்பறையில் இது சுவையான மயக்கம், மலைச்சரிவில் அப்படியன்று.

அந்தமான் தமிழ்ப் பேச்சுக்குத் தரவு திரட்டக் குட்வில் எஸ்டேட்டில் தங்கியிருந்தபோது, ஒரு வாகனப் பட்டறையில் பல பிற்பகல்களைக் கழித்தேன். ஒருநாள் வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வந்து, “பிரேக் பிடிக்கலண்ணே” என்றார். பட்டறைக்காரர் ஸ்பேனரைத் தொடவில்லை, கேள்விகளையே அடுக்கினார். “பெடல் கட்டையா நிக்குதா, பஞ்சு மாதிரி அமுங்குதா, இல்ல தரை வரைக்கும் போகுதா? மழையிலயா, இறக்கத்திலயா?”

ஒவ்வொரு விடையும் ஒரு நோய். பெடல் கட்டையாக நின்றால் காலின் விசையைப் பெருக்கித்தரும் பூஸ்டர் பழுது. பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று. தரைவரை போனால் எண்ணெய்க் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்வு. மழையில் மட்டும் என்றால் ஐயம் பின்சக்கர டிரம்மின் மேல் விழும்.

டிரம் பிரேக்கில் பிறைவடிவ ஷூக்கள் இரண்டு உள்ளிருந்து வெளியே விரிந்து, சுழலும் உருளையை உரசுகின்றன. சுழற்சியே ஒரு ஷூவை மேலும் இறுக இழுப்பதால் குறைந்த விசையே போதும். ஆனால் மூடிய அமைப்பு. வெப்பம் எளிதில் வெளியேறாது, புகுந்த நீரும் விரைவில் உலராது. டிஸ்க் பிரேக்கிலோ காலிப்பர் இருபுறமும் பேடுகளை நெருக்கித் தட்டைக் கவ்வுகிறது. காற்றுப்படுவதால் விரைவில் ஆறும், நீரைச் சுழற்றி உதறும். கடற்கரையில் துரு ஏறுவதும் அதே திறந்த நிலையால்தான். இதற்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றார். எனினும் 1953இல் லெ மான் பந்தயத்தில் ஜாகுவார் வென்ற பிறகே உலகம் அதைப் பெரிதாகத் திரும்பிப் பார்த்தது. பிரேக் போடும்போது வண்டியின் பாரம் முன்னே சாய்கிறது. அதனால்தான் நம் சிறிய கார்கள் பலவற்றில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். பல கார்களில் ஹேண்ட்பிரேக் தனிக் கம்பிவடத்தால் பின்சக்கரங்களை இழுக்கிறது. எண்ணெய் முழுதும் போனாலும் அது எஞ்சும் என்பதைப் பயணிகளும் அறிந்திருப்பது நல்லது.

அன்றைய ஓட்டுநரின் விடை: பஞ்சு; இறக்கத்தில் மட்டும்; வண்டி ஆறியதும் சரியாகிவிடுகிறது. பட்டறைக்காரர் உடனே, “எண்ணெய் தண்ணி குடிச்சிருச்சு” என்றார். அது உருவகம் போல ஒலித்தாலும் வேதியியல் உண்மை. வழக்கமான பிரேக் எண்ணெய் கிளைக்காலைச் சார்ந்தது. காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது. நீர் ஏறிய நிலையில் அந்த வரம்பு 140 மட்டுமே. தொடர்ந்து பிரேக் அழுத்தி இறங்கும்போது எண்ணெய் கொதித்து ஆவியாகிறது. திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். கால் கீழே போகிறது, விசை சக்கரத்தை எட்டுவதில்லை. ஆறினால் ஆவி மீண்டும் திரவமாகிவிடும், சோதிக்கும்போது குறையே தெரியாது. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் எண்ணெயை மாற்றும் தவணையைத் தள்ளிப்போடுவது எவ்வளவு ஆபத்தானது என்பதை அந்த மூன்று சொற்கள் எனக்கு விளக்கின. எண்ணெயை மாற்றி, காற்றை எடுத்து, “இறக்கத்தில ரெண்டாவது கியர்ல விடுங்க, பிரேக்க மிதிச்சிக்கிட்டே வராதீங்க” என்றும் சொல்லி அனுப்பினார்.

கலைச்சொல் தொகுதிகளில் நான் காண்பவை பெரும்பாலும் உறுப்புகளின் பெயர்களே. வட்டு, உருளை, தடுப்பி என்று. அவை வேண்டாதவை அல்ல. ஆனால் உயிரைக் காக்கும் அறிவு அந்தப் பட்டறையில் வினைகளில் இருந்தது: அமுங்குகிறது, குடித்துவிட்டது, இழுக்கிறது, துடிக்கிறது. இறுதியாகச் சொன்னது ஏபிஎஸ் பற்றியது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் கட்டாயமான அவ்வமைப்பு, சக்கரம் பூட்டிக்கொள்ளாதபடி அழுத்தத்தை விட்டுவிட்டுத் தருவது. அதனால் வண்டியைத் திருப்ப முடிகிறது. அப்போது பெடல் காலின் கீழே அதிரும். பழுது என்றஞ்சிச் சிலர் காலை எடுத்துவிடுகிறார்கள். பட்டறைக்காரர் புதிய கார் வாங்கியோரிடமெல்லாம் சொல்லும் தொடர், என் தரவேட்டில் ‘துடி’ என்னும் பதிவின் கீழ் இருக்கிறது: “துடிச்சா பயப்படாதீங்க, அது வேலை செய்யுது. மிதிச்ச கால எடுக்காதீங்க.”