இருபத்தைந்து ராத்திரி

எங்கள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டினால் கிளிஞ்சலும் நத்தையும் கல்லாகிக் கிடைக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. இன்று கடலைப் பார்க்கக் கொள்ளிடக் கரையோடு கிழக்கே போக வேண்டும். அணைக்கரை தாண்டி, ஆறு கடலோடு சேரும் பழையாறு பக்கம் இறால் பண்ணையில் தா.பழூர்த் தம்பி ஒருவர் வேலை பார்க்கிறார். "ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கண்ணே, அப்பத்தான் தெரியும்" என்றார். போனேன்.

அவர் இருப்பது குஞ்சு வளர்க்கும் நர்சரியில். கறுப்பு ஷீட் விரித்த வட்டத் தொட்டிகள், மேலே நிழல் வலை, காதை விட்டுப் போகாத, காற்று ஊதும் புளோயர் இரைச்சல். மரக்காணம் ஹேச்சரியிலிருந்து ஆக்சிஜன் அடைத்த பைகளில் வனாமி இறால் குஞ்சுகள் அன்று மாலைதான் வந்திருந்தன. பையைப் பிரித்து உடனே கொட்டவில்லை. தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றினார். உப்பளவு திடீரென்று மாறினால் குஞ்சு தாங்காது.

வெள்ளைப் பேசினில் கொஞ்சம் மொண்டு என்னிடம் காட்டினார். ஒவ்வொன்றும் கண் இமை முடி நீளம். இரண்டு கரும்புள்ளிக் கண்கள், முதுகோடு ஓடும் பழுப்புக் கோடு. "அந்தக் கோடுதாண்ணே குடல். அறுபடாம இருந்தா வயிறு நிறைஞ்சிருக்குன்னு அர்த்தம்." பிறகு விரலால் தண்ணீரைச் சுழற்றினார். திடமான குஞ்சுகள் ஓட்டத்தை எதிர்த்து ஓரமாக நீந்தின. நோஞ்சான்கள் நடுவில் போய்க் குவிந்தன. ஆய்வகத்தில் நோய்க்கான பிசிஆர் சோதனை முடிந்துதான் குஞ்சு வருகிறது; ஆனாலும் இந்தப் பேசினைப் பார்க்காமல் அவர் ஒரு பையையும் தொட்டியில் விடுவதில்லை.

பிறகு இறாலை வளர்க்கும் குட்டையில் ஒரு சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்பது விதி. இங்கே தொட்டியில் ஒரு கன மீட்டர் தண்ணீரில் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. அதனால் காற்றுதான் உயிர். ராத்திரி இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. நான் எழுந்து உட்காருவதற்குள் அவர் ஜெனரேட்டரைத் தட்டிவிட்டார். முன்பு வேலை பார்த்த வேறொரு பண்ணையில் டீசல் இல்லாமல் ஜெனரேட்டர் ஓடாத ஒரு ராத்திரி, தொட்டி முழுக்கச் செத்து அடியில் வெள்ளையாகப் படிந்ததை அவர் மறக்கவில்லை. அன்றிலிருந்து படுக்கும் முன் டீசலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார். ஓடு கழற்றும் ராத்திரிகளில் படுப்பதே கிடையாது. ஓடு கழற்றிய குஞ்சு மெத்தென்று இருக்கும். தீனி தாமதித்தால் பக்கத்துக் குஞ்சே அதைத் தின்றுவிடும்.

இவ்வளவு பாடு எதற்கு? 1990-களின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் நம் கரையோர வரி இறாலை வாரிக்கொண்டு போனது. 2009-ல் வனாமிக்கு அனுமதி கிடைத்தும் நோய் விடவில்லை. குஞ்சை நேரே குட்டையில் விட்டால் முதல் மாதம் எத்தனை பிழைத்தன என்று யாருக்கும் தெரியாது. தொட்டியில் 25 நாள் கண் முன்னால் வளர்த்து, அரை கிராம், ஒரு கிராம் ஆனதும் குட்டைக்கு மாற்றினால் கணக்கு கையில் இருக்கும். குட்டையில் கிடக்கும் நாளும் குறையும்.

விடிந்ததும் அமோனியா பார்த்தார், அடிக்கசடை வடித்தார், நாட்டுச் சர்க்கரை கரைத்து ஊற்றினார். நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதினார். கிருமிக்கும் உப்புக்கும் காற்றுக்கும் நடுவே இவ்வளவு நுணுக்கம் தெரிந்தவருக்குச் சம்பளச் சீட்டில் உள்ள பெயர் 'வாட்ச்மேன்'.

இது சரியில்லை. சீர்காழி பக்கத்திலேயே ராஜீவ் காந்தி நீருயிர் வளர்ப்பு மையம் இருக்கிறது. பண்ணை முதலாளிகள் இவரைப் போன்ற பிள்ளைகளை அங்கே பயிற்சிக்கு அனுப்ப வேண்டும். நர்சரி டெக்னீசியன் என்று எழுதி, அதற்குரிய சம்பளம் கொடுக்க வேண்டும்.